கழுவி விடுவதா, விட்டு வைப்பதா: டைட்டானேட் நானோகுழாயில் சோடியம்

டைட்டானேட் நானோகுழாய் என்பது டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைக் காஸ்டிக் சோடாவில் (சோடியம் ஹைட்ராக்சைடு) வேகவைத்துச் செய்யும் மிக நுண்ணிய குழாய். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் செய்முறைப் பகுதியைப் புரட்டினால் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: "பிஎச் 7 வரும்வரை கழுவப்பட்டது." எந்தத் தண்ணீரால், எத்தனை முறை, கடைசியில் சோடியம் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்று போடுவது மாதிரி. சமைக்கத் தெரிந்தவருக்கு அது போதும். இங்கே அந்த உப்பின் அளவுதான் பாட்டிலில் இருப்பது என்ன பொருள் என்பதையே முடிவு செய்கிறது. எந்தச் சூட்டைத் தாங்கும், எந்த உலோகத்தைப் பிடிக்கும், எதற்கு உதவாது எல்லாமே அதில் அடக்கம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டைட்டானியத் தகட்டை ஃபுளோரைடு கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சி வளர்க்கும் குழாய்களும் உண்டு. அவை தேன்கூடு போலத் தகட்டில் நிமிர்ந்து நிற்கும். துளை பெரும்பாலும் 50 முதல் 100 நானோமீட்டர். அவற்றில் சோடியம் கிடையாது. இங்கே பேசப்போவது அவற்றைப் பற்றி அல்ல. டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைச் செறிந்த காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் தானாகச் சுருண்டு உருவாகும் குழாய்கள் வேறு இனம். வெளி விட்டம் 8 முதல் 12 நானோமீட்டர், உள்துளை 3 முதல் 5, நீளம் சில நூறு நானோமீட்டர். இரண்டு முனைகளும் திறந்திருக்கும்.

இந்த வேகவைக்கும் வழியை 1998-ல் ஜப்பானில் தொஷிஹிரோ கசுகா குழுவினர் வெளியிட்டார்கள். 10 மோலார் காஸ்டிக் சோடா, 110 டிகிரி செல்சியஸ், 20 மணி நேரம். கிடைத்தது அனடேஸ் வகை (ரூட்டைல் போலவே டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவம்) டைட்டானியம் டை ஆக்சைடு என்றும், அமிலத்தில் கழுவும்போதுதான் குழாய் உருவாகிறது என்றும் அப்போது நினைத்தார்கள். 2001, 2002-ல் பெய்ஜிங்கில் பெங் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இது அடுக்கு அடுக்கான டைட்டானேட், காரத்தில் வேகும்போதே குழாய் வந்துவிடுகிறது, அமிலம் தேவையில்லை என்று காட்டினார்கள். அடுக்கின் அமைப்பு ட்ரைடைட்டானேட்டா (மும்மூன்று டைட்டானியம் கொண்ட வாய்பாடு), லெபிடோகுரோசைட் என்ற இரும்புத் தாதுவின் அடுக்கு போன்ற வகையா என்ற சண்டை பிறகு பல ஆண்டுகள் ஓடியது. அந்தச் சண்டையின் ஒரு பகுதி, ஆளுக்கொரு அளவு கழுவிய பொருளை வைத்துக்கொண்டு ஒரே வாய்பாட்டைத் தேடியதால் வந்தது என்பது என் கணிப்பு.

அமைப்பைப் பாய் சுருட்டுவதோடு ஒப்பிடலாம். டைட்டானியம் ஒன்றைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் கொண்ட எண்முகிகள் விளிம்போடு விளிம்பு ஒட்டி ஒரு தாளாகின்றன. தாளுக்கு எதிர் மின்சுமை. அதைச் சமன் செய்ய, தாள்களுக்கு இடையே சோடியம் அயனிகளும் கொஞ்சம் ஹைட்ரஜனும் தண்ணீரும் உட்கார்ந்திருக்கின்றன. தாளின் இரு முகங்களிலும் சோடியமும் ஹைட்ரஜனும் சமமாக இல்லாதபோது ஒரு பக்கம் இழுவிசை கூடி, தாள் சுருள்கிறது. நுண்ணோக்கிப் படத்தில் குழாயின் ஒரு சுவரில் நான்கு கோடும் எதிர்ச்சுவரில் மூன்று கோடும் தெரிந்தால், அது பாய் போலச் சுருண்டதற்கான அடையாளம். உள்ளே இருக்கும் சோடியம் எங்கும் கட்டிப்போடப்படவில்லை. தண்ணீரில் வேறொரு நேர் அயனி வந்தால் இடம் மாறிக்கொள்ளும். களிமண்ணும் ஜியோலைட்டும் செய்கிற அதே வேலைதான்.

இனி செய்முறை. 100 மி.லி. டெஃப்லான் குடுவை பொருத்திய எஃகு ஆட்டோகிளேவ் (அழுத்தம் தாங்கும் மூடிய கலன்) ஒன்று போதும். 32 கிராம் காஸ்டிக் சோடா வில்லைகளை சுமார் 60 மி.லி. அயனி நீக்கிய தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்து, ஆறவிட்டு, மொத்தம் 80 மி.லி. ஆக்கினால் 10 மோலார் கரைசல். கரையும்போது கொதிக்கிற அளவுக்குச் சூடு ஏறும். பாலிப்ரோப்பிலீன் பீக்கரைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைத்துக் கரையுங்கள். கண்ணாடி வேண்டாம். சூடான செறிகாரம் கண்ணாடியிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வரும், அது உங்கள் பொருளில் போய் உட்காரும். அலுமினியக் கரண்டி, அலுமினியத் தாள் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. காரம் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். முகத்தடுப்பு போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கண்ணில் தெறித்த காரம் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும்.

கரைசல் ஆறிய பிறகு 2 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடு. பெரும்பாலோர் பி25 என்ற வணிகப் பொடியைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஏறக்குறைய 80 சதவீதம் அனடேஸ், மீதி பெரும்பாலும் ரூட்டைல். சாதாரண அனடேஸும் நன்றாகவே வரும். ரூட்டைல் மட்டும் என்றால் நேரம் கூடுதலாக வேண்டும். அரை மணி கலக்கி, குடுவையில் ஊற்றி, 130 டிகிரியில் 24 மணி நேரம். குடுவை 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக்கூடாது. அடுப்பிலிருந்து எடுத்ததும் குழாய்த் தண்ணீரில் காட்டிக் குளிர வைக்கும் அவசரம் வேண்டாம், தானாக ஆறட்டும்.

வெப்பநிலையில் விளையாட இடம் குறைவு. 100 டிகிரிக்குக் கீழே போனால் தொடக்கப் பொடி பாதி அப்படியே கிடக்கும். 170, 180 தாண்டினால் குழாய்க்குப் பதில் நாடாவும் நாரும் வரும். செறிவு 5 மோலாராக இறங்கினாலும் அரைகுறைதான். காஸ்டிக் சோடாவுக்குப் பதில் காஸ்டிக் பொட்டாஷ் மட்டும் போட்டால் பெரும்பாலும் கம்பிகள்தான் கிடைக்கும், ஆக சுருள வைப்பதிலேயே சோடியத்துக்குப் பங்கு இருக்கிறது. நீளமான குழாய் வேண்டுமானால் வேகும்போது கலக்க வேண்டும். சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் 2014-ல் அப்படிச் செய்து பத்து மைக்ரோமீட்டர் கணக்கில் நீளம் வரவைத்தார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் இந்தச் செய்முறையின் குறை தெரியும். 2 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடு என்பது 25 மில்லிமோல். மூன்று டைட்டானியத்துக்கு இரண்டு சோடியம் என்று வைத்தாலும் தேவை சுமார் 17 மில்லிமோல். நாம் ஊற்றியது 800. அதாவது காரத்தில் 2 சதவீதம்தான் பொருளுக்குள் போகிறது, மீதி கழிவு. டைட்டானியம் மலிவு, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இல்மனைட் கிடக்கிறது என்று உற்சாகப்படுகிறவர்கள் இந்தக் காரத்தின் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேலே தெளிந்த காரத்தை வடித்து, செறிவைச் சரிசெய்து மறுபடி பயன்படுத்தலாம். காற்றுப் படாமல் மூடி வைக்க வேண்டும்; கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சினால் சோடியம் கார்பனேட் சேர்ந்துகொள்ளும்.

இப்போது கழுவுதல். குடுவையைத் திறந்தால் மேலே தெளிந்த காரம், அடியில் பொங்கி நிற்கும் வெள்ளைக் கூழ். காரத்தை வடித்துவிட்டு, கூழைச் செண்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுழற்றிப் படியவைக்கும் கருவி) குழாய்களில் பிரித்து, அயனி நீக்கிய தண்ணீர் ஊற்றிக் குலுக்கிச் சுற்ற வேண்டும். முதல் இரண்டு மூன்று சுற்றில் வெளியேறுவது குழாய்களுக்கு வெளியே இருக்கும் காரம். பிஎச் 14-லிருந்து 12-க்கு வரும்வரை இதுதான் நடக்கிறது. 11-க்குக் கீழே போகும்போது கதை மாறுகிறது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அடுக்குகளுக்கு இடையே இருக்கும் சோடியத்தை வெளியே தள்ளுகிறது. அப்படி வந்த சோடியம் மறுபடி பிஎச்சை உயர்த்துகிறது. அதனால்தான் 10-க்கும் 9-க்கும் இடையே எத்தனை முறை கழுவினாலும் பிஎச் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். சோடியம் வடிவம் வேண்டுமானால் 10.5 பக்கம் நிறுத்திவிடுங்கள். பிடிவாதமாக 7 வரை போனால் சோடியத்தில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

எண்ணிக்கையில் சொன்னால், முழுச் சோடியம் ட்ரைடைட்டானேட்டில் எடையில் 15 சதவீதம் சோடியம். பாதி சோடியம், பாதி ஹைட்ரஜன் என்றால் 8 சதவீதம். நடைமுறையில் நிதானமாகக் கழுவிய பொருளில் 7 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிடலாம்.

பிஎச் 7 வரை கழுவுவதைவிடப் பெரிய தவறு, அயனி நீக்கிய தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று குழாய்த் தண்ணீரைப் பிடிப்பது. லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரில் லிட்டருக்கு 4 மில்லிசமானம் (மில்லிமோலை அயனியின் மின்சுமையால் பெருக்கியது) கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும். நம் 2 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடிலிருந்து கிடைக்கும் சுமார் 2.4 கிராம் பொருளில் 8 சதவீதச் சோடியம் என்றால் மொத்தம் 8.4 மில்லிசமானம். இரண்டு லிட்டர் குழாய்த் தண்ணீரில் கழுவினால் 8 மில்லிசமானம் உள்ளே வருகிறது. உங்கள் கையில் இருப்பது கால்சியம் டைட்டானேட் நானோகுழாய். பொடி வெள்ளையாகவே இருக்கும், நுண்ணோக்கியில் குழாயும் அழகாகத் தெரியும், வேலை மட்டும் செய்யாது.

கடைசிச் சுற்றுக்கு எத்தனால் ஊற்றுவது நல்லது. தண்ணீரோடு நேரடியாக உலரவிட்டால், நீர் ஆவியாகும்போது குழாய்களை ஒன்றோடொன்று இழுத்து ஒட்ட வைத்து, பீங்கான் சில்லு போல இறுகிவிடும்; உரலில் போட்டு இடிக்க வேண்டிவரும். எத்தனாலில் அலசி 60 டிகிரியில் உலர்த்தினால் விரலுக்கிடையே நசுங்கும் மென்பொடி கிடைக்கும். அந்த மென்பொடியை முகக்கவசம் இல்லாமல் கையாளக்கூடாது, நார் வடிவ நுண்துகள் நுரையீரலுக்கு ஆகாது.

சோடியம் எவ்வளவு என்று அறிய விலை உயர்ந்த கருவி தேவையில்லை. உலர்ந்த பொடி 0.1 கிராம், 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி., பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். 8 சதவீதம் இருந்தால் வடிநீரில் லிட்டருக்கு 80 மில்லிகிராம் சோடியம் இருக்கும். பத்து மடங்கு நீர்த்து, கல்லூரிகளில் கிடக்கும் ஃபிளேம் ஃபோட்டோமீட்டரில் (சுடரின் நிற ஒளியை வைத்துச் சோடியம் அளக்கும் கருவி) வைத்தால் முடிந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு வரும் இடிஎக்ஸ் (எக்ஸ் கதிரை வைத்துத் தனிமங்களை அளக்கும் கருவி) எண்ணை மட்டும் நம்புவது சரியில்லை. எலக்ட்ரான் கற்றை பட்டால் சோடியம் நகர்ந்து ஓடும், அதனால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

ராமன் நிறமாலையில் (லேசர் ஒளிச் சிதறலை வைத்துப் பிணைப்புகளைக் காட்டுவது) 905 அலைஎண் அருகே ஒரு முகடு வரும்; சோடியத்தை அமிலத்தால் வெளியேற்ற வெளியேற்ற அது தேய்ந்துகொண்டே போகும். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவால் படிக அமைப்பை அறியும் முறை) 10 டிகிரி அருகே வரும் அகன்ற முகடு அடுக்கு இடைவெளியைச் சொல்கிறது, சுமார் 0.88 நானோமீட்டர். இந்த முகடு சோடியத்துக்காக மட்டும் நகர்வதில்லை, தண்ணீர் போனாலும் வலப்பக்கம் நகரும். 60 டிகிரியில் உலர்த்தியதையும் 120-ல் உலர்த்தியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் புதிய கட்டமைப்பு கண்டுபிடித்ததாக எழுதக்கூடாது.

எளிய சோதனை இன்னொன்று: கொஞ்சத்தை 600 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டு எக்ஸ்ஆர்டி எடுங்கள். சோடியம் போன பொருள் அனடேஸாக மாறியிருக்கும். சோடியம் நிறைந்த பொருளில் சோடியம் ஹெக்ஸாடைட்டானேட்டும் ட்ரைடைட்டானேட்டும் கம்பி வடிவில் தெரியும். இரண்டும் கலந்து வந்தால் கழுவியது சீராக இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். குழாய் வடிவம் தாங்கும் சூடும் இதையே ஒட்டியது. சோடியம் இல்லாதது 300 முதல் 400 டிகிரிக்குள் இடிந்துவிடும். சோடியம் உள்ளது 500 பக்கம் வரை குழாயாகவே நிற்கும். அடுக்குகளுக்கு இடையே தூண் மாதிரி நின்று, அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கலந்துவிடாமல் சோடியம் தடுக்கிறது.

பயன்களில் முதலில் சொல்லப்படுவது தண்ணீரில் உள்ள உலோகங்களை நீக்குவது. கணக்கு கவர்ச்சிகரமானது. 8 சதவீதச் சோடியம் என்றால் கிராமுக்கு சுமார் 3.5 மில்லிசமானம், ஈயத்துக்கு மாற்றினால் கிராமுக்கு 360 மில்லிகிராம். ஹைட்ரஜனும் சேர்ந்து பரிமாறினால் இன்னும் மேலே போகும். ஈயம், காட்மியம், தாமிரம் மூன்றும் நன்றாகப் பிடிபடும்.

இங்கேதான் பொய்யான எண்களும் பிறக்கின்றன. சோடியம் வடிவப் பொடியைத் தண்ணீரில் போட்ட உடனே அது ஹைட்ரஜனை இழுத்துக்கொள்வதால் பிஎச் ஏறும். ஏறினால் ஈயம் ஹைட்ராக்சைடாக வீழ்படிவாகும். வடிகட்டினால் கரைசலில் ஈயம் இருக்காது. பொடி உறிஞ்சிவிட்டது என்று எழுதிவிடுகிறோம். பிஎச்சை 5-ல் பிடித்து வைத்துச் செய்ய வேண்டும். கூடவே, வெளிவந்த சோடியத்தை அளந்து, உள்ளே போன ஈயத்தோடு சமானம் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறக்குறையப் பொருந்தினால்தான் அது அயனிப் பரிமாற்றம்.

எதிர் மின்சுமை கொண்ட தாள் நேர் அயனியைத்தான் பிடிக்கும். பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கும் இந்தச் சங்கதி திட்ட அறிக்கைகளில் மறந்துபோகிறது. திருப்பூர்ச் சாயக்கழிவில் இருப்பவை பெரும்பாலும் ரியாக்டிவ் சாயங்கள். பருத்திக்கு அவைதான் ஒட்டும். சல்ஃபோனேட் தொகுதிகளால் அவையும் எதிர் மின்சுமை கொண்டவை, குழாயை அண்டாது. போதாததற்குச் சாயம் ஏற்றக் கொட்டும் உப்பால் அந்த நீரில் சோடியம் நிரம்பி வழிகிறது. மெத்திலீன் நீலத்தை வைத்துச் சோதித்து, அது நேர் அயனிச் சாயம் என்பதால் நீர் சட்டென்று தெளிய, அந்தப் படத்தைப் போட்டு "சாயக்கழிவுக்குத் தீர்வு" என்று தலைப்பிடுவது ஏமாற்று. ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு தேங்கிய மண்ணிலிருந்து இறங்கும் குரோமியமும் இப்படித்தான். அது ஆறு இணைதிற வடிவம், நீரில் எதிர் அயனியாக இருக்கும். அதை முதலில் மூன்று இணைதிறத்துக்கு ஒடுக்காமல் இந்தப் பொடியைக் கொட்டுவது வீண்.

ஈயத்தைப் பிடித்த பொடியை மீட்கலாம். 0.1 மோலார் நைட்ரிக் அமிலத்தில் ஈயத்தை இறக்கி, அலசி, 0.1 மோலார் காஸ்டிக் சோடாவில் மறுபடி சோடியம் ஏற்ற வேண்டும். அமிலத்தைச் செறிவாக்கினால் வேகமாக இறங்கும்தான், குழாயும் சேர்ந்து கரையத் தொடங்கும்.

சோடியம் டைட்டானேட் உண்மையிலேயே தொழிலாக நிலைத்த இடம் அணுக்கழிவு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் சவான்னா ரிவர் வளாகத்தில், காரமும் சோடியமும் மிகுந்த கழிவுநீரிலிருந்து ஸ்ட்ரான்சியத்தையும் புளூட்டோனியம் போன்றவற்றையும் பிரிக்க மோனோசோடியம் டைட்டானேட்டைப் பயன்படுத்துகிறார்கள். அது குழாய் வடிவம் இல்லை, சாதாரணப் பொடி. ஆனால் வேதியியல் உறவு நெருங்கியது. அத்தனை சோடியத்துக்கு நடுவிலும் இரட்டை மின்சுமை கொண்ட ஸ்ட்ரான்சியத்தைத் தேர்ந்து பிடிக்கிறது என்பதுதான் அதன் பலம். 2008-ல் பிரிஸ்பேனில் ட்ஸு குழுவினர் டைட்டானேட் நார்களில் இன்னொன்றைக் காட்டினார்கள். இத்தகைய அயனிகளை வாங்கியதும் அடுக்கு உருக்குலைந்து அவற்றை உள்ளேயே பூட்டிக்கொள்கிறது. ஈயத்தைப் போல மீட்க நினைக்காமல், அப்படியே புதைக்க நினைக்கும் கழிவுக்கு இது வசதி.

எண்ணெயை மெத்தனாலோடு வினைப்படுத்தி எஸ்டராக்கும் பயோடீசல் தயாரிப்புக்குத் திட வினையூக்கியாகவும் சோடியம் வடிவம் வேலை செய்யும். அடுக்கில் இருக்கும் சோடியம் காரத்தன்மை தருகிறது. அமிலத்தில் கழுவியதற்கு இந்தக் குணம் இல்லை. இதன் எதிரி எண்ணெயில் இருக்கும் தனிக் கொழுப்பமிலம். 100 கிராம் எண்ணெயில் 2 சதவீதம் இருந்தால் சுமார் 7 மில்லிமோல். 3 கிராம் வினையூக்கியில் இருக்கும் சோடியம் 10.4 மில்லிமோல். மூன்றில் இரண்டு பங்கு சோடியம் முதல் சுற்றிலேயே சோப்பாகிவிடும். புங்க எண்ணெயோ பழைய பலகார எண்ணெயோ என்றால் அமில எண்ணைப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும். மெத்தனாலில் சோடியம் மெல்லக் கசிவதும் உண்டு. பாதி வினையில் பொடியைச் சூடாகவே வடித்துவிட்டு, மீதிக் கலவையைத் தொடர்ந்து சூடாக்குங்கள். எஸ்டர் இன்னும் கூடிக்கொண்டே போனால் வேலை செய்தது கரைந்த சோடியம்.

எலும்பு உள்வைப்புகளில் இதே வேதியியல் மருத்துவம் வரை போய்விட்டது. கியோட்டோவில் கொகுபோ குழுவினர் 1996-ல் டைட்டானிய உலோகத்தை 5 மோலார் காஸ்டிக் சோடாவில் 60 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து, 600 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டார்கள். மேற்பரப்பில் ஒரு மைக்ரோமீட்டர் அளவில் சோடியம் டைட்டானேட் படலம். உடல் திரவம் போன்ற கரைசலில் சோடியம் வெளியேறி, அதன் இடத்தில் கால்சியம் வந்து, அதன்மேல் பாஸ்பேட் சேர்ந்து, எலும்புத் தாது படிகிறது. நாம் கழுவும்போது கெடுதல் என்று பார்த்த அதே கால்சியப் பரிமாற்றம்தான்.

சோடியம் அயனி பேட்டரியில் சோடியம் ட்ரைடைட்டானேட் எதிர்முனைக்கு ஏற்றது. சோடிய உலோகத்தோடு ஒப்பிட 0.3 வோல்ட் அளவில் அயனியை ஏற்கும் என்று 2011-ல் வெளிவந்தது. கோட்பாட்டளவில் கிராமுக்கு 177 மில்லிஆம்பியர்-மணி. குழாய் வடிவத்தில் வேகம் கூடும், ஆனால் பரப்பு அதிகம் என்பதால் முதல் சுற்றிலேயே மின்பகுளி நிறைய சிதைந்து கணிசமான கொள்ளளவு போகும், அடுக்கில் ஒளிந்திருக்கும் தண்ணீரும் தொல்லை. ஒளிவினையூக்கியாக (ஒளி பட்டால் வினையைத் தூண்டுவது) வேண்டுமானால் சோடியமே கூடாது. 0.1 மோலார் அமிலத்தில் கழுவி, 400 டிகிரியில் சுட்டு அனடேஸ் ஆக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அமிலத்தில் கழுவிச் சோடியம் போன ஹைட்ரஜன் வடிவத்தை அமிலத்திலேயே ஊறவிட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டாம். 0.1 மோலார் கந்தக அமிலத்தில், அறை வெப்பத்திலேயே, மாதக்கணக்கில் கிடந்தால் குழாய் கரைந்து ரூட்டைல் துகளாகிவிடும். சோடியம் வடிவத்தைக் காற்றுப் புகாத பாட்டிலில் உலர்வாக வையுங்கள்; திறந்து கிடந்தால் கார்பன் டை ஆக்சைடை வாங்கி மேலே கார்பனேட் பூக்கும். அகச்சிவப்பு நிறமாலையில் 1440 அலைஎண் அருகே முகடு தெரிந்தால் அதுதான். பாட்டில் சீட்டில் தேதியோடு, கடைசிக் கழுவு நீரின் பிஎச், சோடியச் சதவீதம், உலர்த்திய வெப்பநிலை மூன்றையும் எழுதி ஒட்டுங்கள்.